டார்ச்சின் உள்பக்கம்

ஜூன் 4

உங்களுக்கு,

நேற்று எதிர்வீட்டு டெய்லர் போனைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து ஓடி வந்தான். "அக்கா, மாமா லைன்ல இருக்காரு, பேசுங்க" என்றான். "நான் ஊர்ல இல்லைன்னு சொல்லு" என்றேன். "நீங்க சொன்னது அவருக்கே கேட்டிருக்கும்க்கா" என்றான். கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

போனில் நான் பேச மாட்டேன். நீங்கள் முதலில் சிரிப்பீர்கள், அப்புறம் சாப்பிட்டாயா என்பீர்கள், அதற்குள் நான் கேட்க வந்தது எனக்கே மறந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் தப்பித்து வருகிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது. எழுதியது எழுதியபடி இருக்கும்.

நீங்கள் போனதில் எனக்குக் கோபம் இல்லை. டார்ச் கம்பெனி வெளியே வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் தூரத்தில் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. உள்பூச்சுக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று உங்களைக் கூப்பிட்டது. அது அவர்கள் பிழைப்பு. நீங்கள் அங்கேயே சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "திங்கக்கிழமை கிளம்புறேன்" என்றீர்களே, அதில்தான் கோபம். நம் ஷெட்டில் அந்த வேலையைச் செய்தது இரண்டு பேர். டார்ச் குழாயின் வாய்க்கு மெழுகு வைத்தது நான். அமிலத் தொட்டியில் இறக்கி ஏற்றியது நீங்கள். திரும்ப வாங்கி, பூச்சு இறுகக் கொதிநீரில் போட்டு எடுத்தது மறுபடி நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

டெய்லர் மனைவி கேட்டாள்: "டார்ச்சுக்கு உள்ள யாருக்கா எட்டிப் பாக்கப் போறாங்க? அதுக்கு எதுக்குப் பூச்சு?" சொன்னேன். பேட்டரி ஒழுகும். ஒழுகினால் வெறும் அலுமினியத்தை அரித்து வெள்ளையாகப் பொடி கட்டும். பேட்டரி வீங்கி உள்ளேயே ஒட்டிக்கொண்டால் டார்ச்சைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அதற்காகத்தான் அமிலத்தில் மூழ்கவைத்துக் கரண்டு விட்டு, உள்ளே ஒரு தோல் வளர்க்கிறோம். ஆனால் அந்தத் தோல் வழியாகக் கரண்டு போகாது. மூடி திருகுகிற வாய் மட்டும் வெறும் உலோகமாக இருந்தால்தான் விளக்கு எரியும். அந்த வாயில் தோல் பிடிக்காமல் தடுப்பதுதான் மெழுகு. "அப்ப விளக்கு எரியறதே உங்களாலதான்னு சொல்லுங்க" என்றாள். அவளுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது.

சாப்பிட்டேன். நீங்கள் கேட்பதற்குமுன் சொல்லிவிட்டேன்.


ஜூன் 15

மெழுகுக்காரிக்கு,

ஊரில் இல்லாத நீ எழுதிய கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். திட்டு இருக்கிற இடங்களை மூன்று முறை.

எனக்குத் தங்க ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பேட்டரி கோடவுனுக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் லாரி ஏற்றுகிற முற்றம். கட்டில் அகலமானது. ஒரு பக்கம்தான் கசங்குகிறது, அறை பெருக்க வருகிற அம்மாள்கூடச் சொன்னாள்: "ஐயா ஓரமாவே படுக்கறீங்களே, விழுந்துட மாட்டீங்க?" என்று.

தொட்டியைப் பார்த்தால் நீ மூக்கில் விரல் வைப்பாய். நம் ஷெட்டையே உள்ளே இறக்கிவிடலாம். அமிலம் சூடாகாமல் இருக்க நாம் ஐஸ்கட்டியை வாளியில் போட்டு இறக்குவோமே, இங்கே சுற்றிலும் குளிர்நீர்க் குழாய் ஓடி அதுவே குளிர்விக்கிறது. பொறுப்பு ஒரு பெண் இன்ஜினியரிடம். கட்டிக்கொடுத்த நம் மகள் வயதுகூட இருக்காது. என்னைப் பெரியப்பா என்கிறாள். கெட்டிக்காரி. எதையும் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் பேச மாட்டாள்.

ஆனால் ஒரு சங்கடம். முதல் லாட் டார்ச்செல்லாம் கண்ணடிக்கிறது. மூடியை இறுக்கினால் எரிகிறது, கொஞ்சம் ஆட்டினால் அணைகிறது. தோல் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. நீ வைக்கிற மாதிரியேதான் மெழுகு வைக்கச் சொன்னேன். வைக்கிற பெண்களுக்கு என்னால் முடிந்தவரை சொல்லிக் கொடுத்தேன். எங்கேயோ உன் கையில் இருந்த ஒன்று என் வாயில் வரவில்லை. என்ன அது? எழுது.

எழுதுவதைவிட நீயே கிளம்பி வா. டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன்.


ஜூன் 24

உங்களுக்கு,

கிளம்பி வா என்றால் என்ன அர்த்தம்? பார்சலா நான், கட்டி அனுப்புவதற்கு? கேட்காமல் போன இடத்துக்குச் சொல்லிவிட்டால் வந்துவிடுவேனா? வர மாட்டேன்.

டார்ச் ஏன் கண்ணடிக்கிறது என்று உங்கள் கடிதத்தின் அந்த வரியைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத மாட்டேன். இந்த வேலையை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. குழாய் குழாயாகக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். நீங்கள் கெடுத்தது உங்களுக்குத் தெரியும், நான் கெடுத்தது எனக்குத் தெரியும். நான் கெடுத்ததை நீங்கள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அம்மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தெரிய வேண்டுமானால் வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

ஹார்டுவேர் கடைக்காரர் பழைய டார்ச் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார், அரிப்பைச் சுரண்டி உள்பூச்சு போட்டுத் தரச் சொல்லி. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஷெட்டைப் பூட்டியே வைத்தால் பூட்டுத் துருப்பிடிக்கும் என்று வாங்கிக்கொண்டேன். பெஞ்சில் என் பக்கம் உட்கார்ந்து மெழுகு வைத்தேன். பாதியில் கழுத்து வலித்தது. வலித்தால் என்ன செய்வேன்? பின்னால் உங்கள் முதுகில் சாய்வேன். சாய்ந்தேன். நீங்கள்தான் இல்லையே. நேராகத் தரையில் போய் விழுந்தேன், மெழுகுக் கிண்ணத்தோடு.

டெய்லர் மனைவிதான் தூக்கிவிட்டாள். தூக்கும்போது சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சிரிக்கவில்லை.

இதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும்.


ஜூலை 6

மெழுகுக்காரிக்கு,

விழுந்ததை இப்படியா எழுதுவது, கடைசியில், கொசுறு மாதிரி? எங்கே அடி? எந்தக் கை? டெய்லருக்குப் போன் செய்தேன். "மணிக்கட்டு வீங்கியிருக்கு மாமா, டாக்டர்ட்ட கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க" என்றான். போ. என்மேல் இருக்கிற கோபத்தை உன் கையில் காட்டாதே.

இங்கே எனக்குச் சாய்வு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மேனேஜர் வந்து, "பெரியவரே, நல்லா சாஞ்சு உக்காருங்க" என்கிறார். எனக்கு முடியவில்லை. அந்த நாற்காலி குளிர்ச்சியாக இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்கிறேன். சில சமயம் ஒரு குழாயைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் நீட்டிவிடுகிறேன். யாரும் வாங்குவதில்லை. பின்னால் சுவர். நல்லவேளை, இன்ஜினியர் பெண் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், கேட்கவில்லை.

சரி, மெழுகு விஷயம். நானே யோசித்துப் பார்த்தேன். பழைய மெழுகைப் புதியதோடு கலப்பாயோ? இல்லை, மெழுகு தடவுமுன் வாயைச் சூடு காட்டுவாயோ? தூரிகையில் ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா? மூன்றில் எது? இது மட்டுமாவது எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் கை எப்படி இருக்கிறது என்றும் தெரிந்துகொள்வேன்.


ஜூலை 14

உங்களுக்கு,

மூன்றும் தப்பு.

எழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். கட்டுப் போட்டிருக்கிறது. டாக்டரிடம் நானாகத்தான் போனேன், நீங்கள் சொன்னதற்காக இல்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே போய்விட்டேன்.

டெய்லரிடம் சொல்லி என் பெஞ்சுக்கு முதுகுப் பலகை அடிக்கச் சொன்னீர்களாமே. நான் கடைக்குப் போயிருந்தபோது அடித்துவிட்டான். சாய்ந்து பார்த்தேன். பலகை சாய இடம் கொடுக்கும், பதிலுக்குச் சாயாது. மறுநாள் பிடுங்கிவிட்டேன். டெய்லருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நான் என்னக்கா பண்ணேன், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு" என்றான். அவனுக்கு ஒரு டார்ச் பூசிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

கேட்கிறவர் சரியாகக் கேட்க வேண்டும். யோசித்து எழுதுங்கள். தப்பாக இருந்தால் தப்பு என்று பதில் போடுவேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன்.


ஆகஸ்ட் 2

மெழுகுக்காரிக்கு,

இந்த முறை நிறைய யோசித்தேன். மெழுகை எவ்வளவு சூட்டில் உருக்குவாய்? புகை வருமுன் இறக்குவாயா, வந்த பிறகா? அதில் சாம்பல் ஏதாவது கலப்பாயா? வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே தடவுவாயே, அது மந்திரமா? அதை எழுதி அனுப்பினால் இங்கே பெண்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். ஒருவேளை முழங்கையை எந்த உயரத்தில் வைக்கிறாய் என்பதில்தான் இருக்கிறதோ?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போடு. மொத்தமாகத் தப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. போன தடவை கடிதம் ரொம்பச் சின்னது. தபால்காரர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்து முடித்துவிட்டேன். அறைக்கு எடுத்துப்போக ஒன்றும் மிச்சமில்லை.

அங்கே சாயங்காலமானால் கரண்ட் போகிறது என்று டெய்லர் சொன்னான். கம்பெனி லாரி டிரைவர் அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் ஒரு டார்ச் கொடுத்து அனுப்புகிறேன். இங்கே செய்தது. பேட்டரி போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் வைத்துக்கொள். இருட்டில் தடவிக்கொண்டு நடக்காதே.


ஆகஸ்ட் 9

உங்களுக்கு,

டார்ச் வந்தது. டிரைவர் நல்ல மனிதர். டீ கொடுத்தேன். "ஐயா உங்களைப் பத்தியே பேசுவாரும்மா" என்றார். "என்ன பேசுவார்?" என்றேன். "நீங்க ரொம்பக் கோவக்காரங்கன்னு" என்றார். அப்புறம் அவருக்கே சங்கடமாகி, டீயை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பொத்தானை அமுக்கிப் பார்க்கவில்லை. நான் டார்ச்சை அப்படிப் பார்ப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். மூடியைத் திருகி, பேட்டரியைக் கொட்டிவிட்டு, வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தேன். தோல் நன்றாகப் பிடித்திருக்கிறது. அடிவரைக்கும் ஒரே சாம்பல் நிறம். நம் ஷெட்டில் இவ்வளவு சீராக வந்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் வாயைப் பார்த்தேன்.

மெழுகு வைத்த வாய் எப்படி இருக்கும்? தோலும் வெறும் உலோகமும் சேருகிற கோடு கொஞ்சம் வளையும். தூரிகை தொடங்கி முடிகிற இடத்தில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். யார் வைத்தாலும், எவ்வளவு கவனமாக வைத்தாலும் இருக்கும். நீங்கள் அனுப்பிய டார்ச்சில் அந்தக் கோடு காம்பஸால் போட்ட மாதிரி இருக்கிறது. அது மெழுகு இல்லை. ரப்பர் மூடி. வாயில் ரப்பர் மூடி செருகித் தொட்டியில் இறக்கியிருக்கிறீர்கள். பேட்டரியைத் திரும்பப் போட்டு, மூடியை இறுக்கி, தளர்த்தி, ஆட்டியும் பார்த்தேன். கண்ணடிக்கவில்லை.

அங்கே மெழுகே இல்லை. இல்லாத மெழுகுக்கு எவ்வளவு சூடு என்று கேட்டிருக்கிறீர்கள். சாம்பலா என்று கேட்டிருக்கிறீர்கள். மந்திரமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு முட்டாள், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் போடலாம் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். முழங்கைக்குக்கூட யோசித்தேன்.

எத்தனை நாளாக நடக்கிறது இந்தக் கூத்து?

இனிமேல் என் கையில் ஒன்றுமில்லை. யாருக்கும் வேண்டாத விஷயம், சொல்லிவிடுகிறேன். கொதிநீரில் போடுவதற்குமுன் மெழுகை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். மெழுகோடு போட்டால் அது உருகி மேலே மிதக்கும். குழாயை வெளியே எடுக்கும்போது அந்த மெழுகு மூடி திருகுகிற மரையெல்லாம் படலமாக ஒட்டிக்கொள்ளும். தொட்டால்கூடத் தெரியாது. கரண்டுக்குத் தெரியும். நான் நகத்தால் பெயர்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் போடுவேன். அத்தனை வருஷமும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் துடைத்தேன். உங்கள் மூக்குக்கு அமிலத்தைத் தவிர வேறு வாசனை எப்போது தெரிந்தது?

மெழுகைப் பற்றி அவ்வளவு கேட்டீர்களே. என்னைக் கேட்க வேண்டியதை ஒரு கடிதத்திலாவது கேட்டீர்களா?


ஆகஸ்ட் 18

மெழுகுக்காரிக்கு,

ரப்பர் மூடி ஜூலை முதல் வாரமே வந்துவிட்டது. இன்ஜினியர் பெண்ணின் யோசனை. ஒரே நாளில் கண்ணடிப்பது நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, இனிமேல் உனக்கு என்னவென்று எழுதுவது என்று நினைத்தேன். நீ எழுத மாட்டேன் என்று சொல்வதற்காகவாவது எழுதிக்கொண்டிருந்தாய். நான் கேட்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

டார்ச்சை நீ திறந்து பார்ப்பாய் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். என்னால் எழுத முடியவில்லை. அதுவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மண்ணெண்ணெய்த் துணி விஷயத்தை இன்ஜினியர் பெண்ணிடம் சொன்னேன். "பெரியம்மா முன்னாடியே சொல்லியிருந்தா நான் ரப்பருக்கே அலைஞ்சிருக்க மாட்டேனே" என்று சிரித்தாள். பிறகு, "ரப்பரும் நல்லதுதான்" என்றாள். ரப்பர் நல்லதுதான், பொய் சொல்லக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் மேனேஜர் கூப்பிட்டார். இன்னும் இரண்டு வருஷம் இருங்கள் என்றார். பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டப் போகிறார்கள், அதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நாக்கு நுனி வரைக்கும் "சரி" வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். "வீட்ல கேக்கணும்" என்றேன். "இந்த வயசுலயா பெரியவரே?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு இங்கே வேலை பிடித்திருக்கிறது. காலையில் அந்தத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றால் வயது தெரிவதில்லை. நீயும் இங்கே வந்து இருக்கலாம். கிளம்பி வா என்று சொல்லவில்லை, வருகிறாயா என்று கேட்கிறேன். இல்லை, நான் அங்கே வந்துவிட வேண்டுமா? இல்லை, நான் மட்டும் இங்கே இருக்கட்டுமா? மூன்றையும் நீயே வைத்துக்கொள். எது என்று நீ சொல்கிறவரை மேனேஜருக்குப் பதில் இல்லை.

என்ன செய்யட்டும்?


ஆகஸ்ட் 25

உங்களுக்கு,

கேட்டதற்கு நன்றி என்று எழுத மாட்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை டெய்லர் மனைவியிடம் படித்துக் காட்டினேன், எல்லாவற்றையும் இல்லை. "இருக்கட்டும்னு சொல்லுங்கக்கா, பாவம், அவருக்கு அங்க பிடிச்சிருக்குல்ல. நீங்களும் போய்ட்டு வாங்க" என்றாள். டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு, "அக்காவைப் பத்தி உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்றான். அவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

உங்களுக்கு அங்கே பிடித்திருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் கடிதத்தில் தொட்டியைப் பற்றி எழுதினீர்களே, அப்போதே தெரியும். கட்டிலைப் பற்றி இரண்டு வரி, தொட்டியைப் பற்றி அதைவிட நிறைய. உங்களுக்குப் பிடித்ததற்காக நான் சரி, இருங்கள் என்று எழுதலாம். எழுதினால் ஊரே என்னைப் பெரிய மனசுக்காரி என்று சொல்லும். நீங்களும் சொல்வீர்கள், நல்ல காகிதத்தில் எழுதியே அனுப்புவீர்கள். நான் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இங்கே தனியாக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பேர் வேண்டாம்.

அங்கே வந்து இருக்கலாமா என்றும் யோசித்தேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுத்தான் யோசித்தேன். கோடவுனுக்கு மேலே அந்த அறையில் நீங்கள் வேலைக்குப் போன பிறகு நான் லாரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரப்பர் மூடி செருக என் கை வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்து உங்கள் வருகைக்காகக் காத்திருப்பதை இங்கேயே செய்துகொண்டிருக்கிறேன், அதற்கு எதற்கு டிக்கெட்?

ஆகவே என் பதில்: இரண்டு வருஷம் வேண்டாம். இரண்டு மாதமும் வேண்டாம். புதுத் தொட்டியை அந்தப் பெண் கட்டிக்கொள்வாள், நீங்களே கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். மேனேஜரிடம் என் பேரிலேயே சொல்லுங்கள். வீட்டில் கேட்டேன், வேண்டாம் என்கிறாள் என்று சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். இதற்காக நீங்கள் என்மேல் வருத்தப்படலாம். நானும் பட்டிருக்கிறேன், அதனால் ஒன்றும் ஆகிவிடாது. என் பக்கத்தில் இருந்துகொண்டு வருத்தப்படுங்கள்.

இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். தபால்காரருக்கு முன்னால் நீங்கள் வந்து சேரலாம்.